வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எதற்காக?

கேள்வி: 2 ஜனவரி 2025, குரோம்பேட்டை வாசகர் ஒருவர்

2019 ஜூனில் ஸ்பிளெண்டர் வாங்கினேன். நேற்று மீட்டரில் 19,004. ஐந்தரை ஆண்டுக்கு இவ்வளவுதான். "ஆண்டுக்குப் பத்தாயிரம் ஓட்டாதவனுக்குப் பைக் எதற்கு?" என்று அலுவலகத்தில் ஒருவர் எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார். நீங்கள் எத்தனை ஓட்டுகிறீர்கள்? ஏன்?

2 ஜனவரி, இரவு 10.15

பத்தாயிரம் என்ற கணக்கை யார் வகுத்தார்கள்?

நான் பாளையங்கோட்டை. 2005 ஜூன் முதல் 2016 வரை மருந்து நிறுவனம் ஒன்றில் மெடிக்கல் ரெப். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் மீட்டர் எண்ணை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது வழக்கம். அதிலிருந்து ஆண்டுக் கணக்கு: 2006இல் ஓடியது 23,900. 2007இல் 25,400. 2008இல் 26,100, அதுதான் என் உச்சம். போன ஆண்டு 6,400.

காரணம் கேட்டீர்கள். வேலை. வேறொன்றும் இல்லை. ரெப் வேலையில் சொந்த ஊரில் பாதி நாள், மீதி நாள் எக்ஸ் ஸ்டேஷன். காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிட வேண்டிய ஊர்கள் அவை. எனக்குத் தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், திருச்செந்தூர், சங்கரன்கோவில். பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு நான்கு டாக்டர்களைப் பார்க்கலாம். வண்டியில் போனால் பத்துப் பேர். அந்த ஆறு பேருக்காக ஓடிய கிலோமீட்டர் அத்தனையும்.

3 ஜனவரி, காலை 6.50

"26,100 நம்பும்படி இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாதத்தில் உள்ளூர் 12 நாள், நாளுக்கு 40 கி.மீ. வெளியூர் 13 நாள், நாளுக்கு 130. கூட்டிப் பாருங்கள், 2,170. பன்னிரண்டால் பெருக்கினால் 26,040. தென்காசி போய்வந்தாலே நூறைத் தாண்டும். நடுவில் ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம் கிளினிக்குகள், ஊருக்குள் சந்து சந்தாகச் சுற்றுவது எல்லாம் சேர்ந்தால் 130 ஒன்றும் பெரிதில்லை.

3 ஜனவரி, இரவு 11.30

கோவில்பட்டித் தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, மீட்டர் லட்சத்தைத் தாண்டினால் என்ன ஆகும்?"

பழைய மீட்டரில் ஐந்து கறுப்புக் கட்டம், கடைசியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் தனி நிறக் கட்டம் ஒன்று. என் முதல் வண்டி, 100 சிசி, 2009 ஜூலையில் ஆலங்குளம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது 99,999ஐத் தொட்டது. குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த நேரம். எதிரே மலை முழுக்க மேகம். ஒரு புளிய மரத்தடியில் வேகத்தைக் குறைத்து, காலை ஊன்றி ஊன்றி உருட்டிக்கொண்டே போனேன். கடைசிக் கட்டத்தில் ஒன்பது மெல்ல மேலேறியது. பக்கத்து ஒன்பது அதோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது, அதற்கடுத்தது, அதற்கடுத்தது. ஐந்து ஒன்பதும் பாதி உயரத்தில் ஒரு கணம் நின்றன. எண்ணும் இல்லை, சுழியும் இல்லை. பிறகு எல்லாம் சேர்ந்து சுழியில் உட்கார்ந்தன. டாக்டருக்குக் கொடுக்க வைத்திருந்த மாத்திரை அட்டையின் பின்புறத்தில் தேதியும் நேரமும் எழுதினேன். அந்த அட்டை இன்னும் டைரிக்குள் இருக்கிறது.

நான்கு ஆண்டில் ஒரு லட்சம்.

5 ஜனவரி, மாலை 4.00

ஞாயிற்றுக்கிழமை. டைரிகளை எல்லாம் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். முதல் நாள் நான் எழுதியது தவறு. 2008 என் உச்சம் இல்லை.

2010க்கு மீட்டர்படி 19,800 என்று எழுதியிருக்கிறேன். குறைவாக இருக்கிறதே என்று மாதவாரியாகப் புரட்டினேன். ஆகஸ்ட் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஒரே எண். மீட்டர் ஒயர் அறுந்துபோயிருக்கிறது! முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு ஏறும் அந்தக் கம்பி உள்ளே அறுந்தால் வேகமுள்ளும் அசையாது, எண்ணும் நகராது. வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நல்லவேளை, பெட்ரோல் போட்ட கணக்கு அந்த மாதங்களுக்கும் இருக்கிறது. 2010 முழுவதும் 431 லிட்டர். வண்டி அப்போது லிட்டருக்கு 64 கொடுத்துக்கொண்டிருந்தது. 27,584. ஆக, 2010தான் உச்சம்.

மூன்றரை மாதம் ஒயரை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. நிறுவனம் பயணப்படியை மீட்டர் பார்த்துக் கொடுப்பதில்லை. ஊருக்கு ஊர் தூரப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி என்றால் தென்காசிதான். ஊருக்குள் சுற்றுவது கணக்கில் வராது, பாதி வழியில் இறங்கிப் பார்க்கும் கிளினிக் கணக்கில் வராது. மாதம் 2,170 ஓடினால் பட்டியல்படி 1,300 வரும். மீதி 870 கிலோமீட்டருக்கு என் பெட்ரோல், என் டயர். எண்ணையே யாரும் கேட்காதபோது எண்ணும் கம்பிக்கு என்ன அவசரம் என்று விட்டிருக்கிறேன்.

அதன் விலை பெரிது. எண் ஓடாததால் ஆயில் மாற்றும் கணக்கும் தெரியவில்லை. மூவாயிரத்துக்கு ஒரு முறை மாற்றுபவன், அந்த முறை எட்டாயிரத்துக்குப் பக்கத்தில் போயிருக்கிறேன். அடுத்த ஆண்டு சைலன்சரில் நீலப் புகை. பிஸ்டன் ரிங் மாற்றி, சிலிண்டரை உள்ளே கடைந்து போர் போட்டு, ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போயிற்று. ரெப் வேலைக்கு வருகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: நிறுவனம் எந்தப் பட்டியலை வைத்துக்கொண்டாலும் உங்கள் மீட்டர் ஓடட்டும். அது உங்கள் உழைப்பின் கணக்கு.

5 ஜனவரி, இரவு 9.20

சரி, 2010இல் மட்டும் ஏன் 27,500?

அந்த ஆண்டு ஜூனில் என் மனைவிக்குத் திசையன்விளைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. இங்கிருந்து நேர் பஸ் பிடித்தால் முதல் மணி தப்பிவிடும். நாங்குநேரியில் ஒரு பஸ் இருந்தது, அதைப் பிடித்தால் சரியாக இருக்கும். நாங்குநேரி முப்பது கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பி அவளை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து, குளித்து, டை கட்டிக்கொண்டு அம்பாசமுத்திரம் போவேன். வள்ளியூர் முறை வருகிற நாளில் மட்டும் அப்படியே தெற்கே போய்விடலாம்.

கணக்குப் போட்டேன். அந்த ஏழு மாதத்தில் ஆறாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஒரு பஸ்ஸைப் பிடிப்பதற்காக மட்டும் ஓட்டியிருக்கிறேன். "வேலை, வேறொன்றும் இல்லை" என்று முதல் நாள் எழுதியதை இன்று அடித்துவிடத் தோன்றுகிறது. வேலைதான், ஆனால் என் வேலை இல்லை.

இன்னொன்றும் டைரியில் தெரிகிறது. 2012இல் அவள் ஸ்கூட்டர் வாங்கினாள். அந்த ஆண்டிலிருந்து என் எண் மூவாயிரம் குறைகிறது. குறைந்த தூரம் எங்கே போயிற்று? அவள் மீட்டருக்குப் போயிற்று. ஒரு வண்டியின் எண்ணை மட்டும் வைத்து யாரையும் அளப்பது எவ்வளவு தவறு! வீட்டில் எத்தனை வண்டி, எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று கேட்காமல் கிலோமீட்டர் பேசவே கூடாது.

7 ஜனவரி, பிற்பகல் 2.10

லண்டன் பக்கமிருந்து ஒருவர்: அங்கே காப்பீடு எடுக்கும்போதே ஆண்டுக்கு எத்தனை மைல் ஓட்டுவாய் என்று கேட்பார்களாம். அவர் 3,000 மைல் என்று எழுதுகிறார். குளிர்காலத்தில் வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை என்று எழுதிக்கொடுத்து, போர்வை போட்டு மூடிவிடுகிறார்.

3,000 மைல் என்றால் 4,828 கிலோமீட்டர். பைக் மீது உயிரையே வைத்திருப்பவர் ஆண்டுக்கு 4,828 ஓட்டுகிறார். குரோம்பேட்டைக்காரருடைய 3,450 அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

நம் ஊரில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு சிசிதான் கணக்கு. 75 வரை, 150 வரை, 350 வரை, அதற்கு மேல். ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டினாலும் நாற்பதாயிரம் ஓட்டினாலும் அதில் ஒரே தொகை. சொந்தச் சேதக் காப்பீட்டில் மட்டும், ஓட்டிய தூரத்துக்கு ஏற்பப் பணம் கட்டும் முறையை 2022இல் அனுமதித்தார்கள்.

7 ஜனவரி, பிற்பகல் 2.40

மைல் என்றதும் ஒன்று. நாம் கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிறது. சாலையோரக் கல்லை மட்டும் இன்னும் மைல்கல் என்றுதான் சொல்கிறோம். "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்டால் லிட்டருக்கு எத்தனை கொடுக்கிறது என்று பொருள். ஓடிய தூரத்தைக் கேட்க வேண்டுமென்றால் "வண்டி எத்தனை ஓடியிருக்கிறது?" என்போம். ஓடியது வண்டிதான், ஓட்டியவன் கேள்வியிலேயே வருவதில்லை.

8 ஜனவரி, இரவு 10.50

அதிகம் ஓட்டுவதையே சாதனையாகப் பேசுகிறவர்கள் இருவர் வந்திருக்கிறார்கள். மறுக்கவில்லை. எமிலியோ ஸ்கோட்டோ என்ற அர்ஜென்டினாக்காரர் 1985இல் கிளம்பி 1995இல்தான் வீடு திரும்பினார். பத்து ஆண்டில் 7,35,000 கிலோமீட்டர், ஒரே ஹோண்டா கோல்டு விங். ஆண்டுக்கு எழுபதாயிரத்துக்கு மேல். படிக்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் 24 மணி நேரத்தில் ஆயிரம் மைல் என்கிற அமெரிக்கச் சவாலை நம் சாலையில் செய்யப்போவதாக ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆயிரம் மைல் என்றால் 1,609 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பி வந்தாலும் இன்னும் இருநூறு பாக்கி இருக்கும். தம்பி, நான்குவழிச் சாலையில் இரவு இரண்டு மணிக்கு எதிர்த்திசையில் விளக்கில்லாமல் டிராக்டர் வரும். கயத்தாறு அருகே நடுச்சாலையில் படுத்திருந்த மாட்டைப் பத்தடி முன்னால் கண்டு நிறுத்தியிருக்கிறேன். அதன் மூச்சு ஹெல்மெட் கண்ணாடியில் பட்டது. உடல் கேட்கும்போது தூங்குங்கள். அந்தச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

9 ஜனவரி, காலை 7.05

நேற்று எழுதியதில் சேர்க்க வேண்டியது. மாடாவது நின்றால் தெரியும், காற்று தெரியாது. ஆனியிலும் ஆடியிலும் பணகுடி தாண்டி காவல்கிணறு, ஆரல்வாய்மொழி போகிறவர்கள் கவனிக்க வேண்டும். கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குத்தான் அங்கே அத்தனை காற்றாலைகள். நேராகப் போக வேண்டுமென்றாலே வண்டியை மேற்கே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிச் சாய்த்துப் போகும்போது பக்கத்தில் ஒரு லாரி வந்தால் காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்த்த பக்கமே வண்டி இழுக்கும், அதாவது லாரியின் பக்கம். லாரி கடந்ததும் மறுபடி ஓர் அறை. லாரி தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் தளர்த்திப் பிடியுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள் அந்தப் பக்கம் போய்வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

11 ஜனவரி, இரவு 8.30

என் சித்தி மகன் சென்னையில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். இந்த விவாதத்தைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினான். நாளுக்கு 130 கிலோமீட்டர், வாரத்துக்கு ஆறு நாள். ஆண்டுக்கு நாற்பதாயிரம். "அண்ணே, நீங்கள் எல்லாரும் ஜனவரிக்கு ஜனவரி மீட்டர் பார்க்கிறீர்கள். நான் இருபது நாளைக்கு ஒரு முறை ஆயில் மாற்றுவதற்காகப் பார்க்கிறேன். மற்றபடி பார்ப்பதே இல்லை. பார்த்தால் களைப்பாக இருக்கிறது" என்றான்.

அவன் வயது 24. பத்தாயிரத்தைத் தகுதிக் கோடாகப் போட்ட அலுவலக நண்பருக்கு இவனைக் காட்ட வேண்டும். இவன் வேண்டுமென்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டியதில்லை. இவனுக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வு வண்டியை நிறுத்தி வைக்கிற நாள்.

13 ஜனவரி, போகி, காலை 10.00

குரோம்பேட்டைக்காரர் விவரம் எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 2.3 கிலோமீட்டர். அங்கே வண்டியை விட்டுவிட்டு மின்சார ரயிலில் எழும்பூர். மாலையில் அதே வழி. பிறகு மகளின் டியூஷன், காய்கறி, அம்மாவின் மருந்து.

ஐயா, நீங்கள் செய்வதுதான் முறை. அந்த 2.3 கிலோமீட்டர் இல்லையென்றால் ரயிலே உங்களுக்குப் பயன்படாது. 2010இல் எங்கள் நாங்குநேரிப் பயணமும் இதே வகைதான். எங்களுக்கு முப்பது, உங்களுக்கு 2.3.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. குறைவாக ஓடுகிற வண்டிக்கு வேலை குறைவு என்று நினைக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதே இல்லை. உள்ளே உண்டாகிற ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் தங்கும், சைலன்சரிலும் தங்கி உள்ளிருந்து துரு ஏறும். ஒவ்வொரு முறை செல்ஃப் போடும்போதும் பாட்டரி இழக்கிறதை அந்த ஐந்து நிமிட ஓட்டம் திருப்பிக் கொடுக்காது. காலையில் கிக்கரை உதைத்துக் கிளப்புங்கள். மூவாயிரம் வரட்டும் என்று காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு இருபது, முப்பது கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டுங்கள்.

டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் தேயாமல் இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகிவிடும். மழையில் பிரேக் பிடிக்கும்போதுதான் அது தெரியும், அப்போது தெரிந்து பயனில்லை.

18 ஜனவரி, இரவு 11.10

பொங்கலுக்குக் களக்காடு போய்வந்தேன். வழியெல்லாம் இதே யோசனை. "உங்களுக்குப் பிடித்த ஆண்டு எது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் 2009 என்று பதில் எழுதி அழித்துவிட்டேன்.

2020. மீட்டர்படி 8,900தான். அப்போது நான் மருந்து மொத்த வணிகத்துக்கு வந்துவிட்டிருந்தேன். மார்ச் இறுதியில் ஊரடங்கு. பஸ் இல்லை, பார்சல் லாரி இல்லை. மருந்துக் கடைகள் மட்டும் திறந்திருந்தன, அவற்றுக்குச் சரக்குப் போக வழியில்லை. ஏப்ரல் மாதம் மட்டும் 1,700 கிலோமீட்டர் ஓட்டினேன். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொதிகளுக்கு நடுவே, ஐஸ் நேரடியாகப் படாமல் செய்தித்தாள் சுற்றி வைத்து, பெட்டியைச் சீட்டின் பின்னால் சைக்கிள் டியூப் போட்டுக் கட்டுவோம். சேரன்மகாதேவிச் சாலையில் அந்த மாதம் மயில்கள் நடுரோட்டில் மேய்ந்தன. ஹாரன் அடித்தாலும் நகரவில்லை, இறங்கி நின்று காத்திருந்து போனேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கடை வாசலில் ஓர் அம்மா காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார், பேரனுக்கு இன்சுலின் வாங்க. பெட்டியைத் திறந்ததும் குப்பியைத் தொட்டுப் பார்த்து, "குளிர்ந்துதான் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அன்றைக்கு 74 கிலோமீட்டர். டைரியில் அந்த எண்ணுக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன்.

26 ஜனவரி, மாலை 6.30

"2013 மாடல், 7,000தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்ட தம்பிக்கு: மீட்டரைப் பார்க்காதீர்கள். கால் வைக்கும் ரப்பரைப் பாருங்கள், வரி அழிந்து வழவழப்பாக இருக்கிறதா? கிக்கர் ரப்பர்? பிரேக் மிதியின் விளிம்பு தேய்ந்து மினுங்குகிறதா? வலது கைப்பிடியில் கட்டைவிரல் படும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா? ஏழாயிரம் ஓடிய வண்டியில் இவை எதுவும் நடக்காது.

என் இரண்டாவது வண்டியின் மீட்டரே இன்று பொய் சொல்லும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது அது சிந்துபூந்துறையில் கிடங்கு வாசலில் நின்றது. மூன்று நாள் கழித்துச் சேற்றிலிருந்து எடுத்தோம். ஆயிலைத் திறந்துவிட்டால் பால் காபி நிறத்தில் கொட்டியது. (வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எடுத்தவுடன் ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். ஆயிலை இறக்கி, பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான்.) மீட்டர் 22,418இல் நின்றுவிட்டது. முன்பே ஒரு முறை லட்சம் சுற்றிய வண்டி, ஆக, 1,22,418. புது மீட்டர் போட்டபோது அது சுழியிலிருந்து தொடங்கியது. "அப்படியே விட்டுவிடுங்கள் அண்ணாச்சி, விற்கும்போது நல்ல விலை போகும்" என்றார் வண்ணார்பேட்டை மெக்கானிக். மனம் ஒப்பவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு தகட்டில் 1,22,418 என்று ஆணியால் கீறி ஒட்டச் சொன்னேன். அந்த எண்ணுக்குள் ஏப்ரல் மாதம் இருக்கிறது.

2 பிப்ரவரி, காலை 9.15

குரோம்பேட்டைக்காரர் டயரைப் பார்த்துவிட்டாராம். இரண்டிலும் 1519. அதாவது 2019 ஏப்ரல், வண்டியோடு வந்த டயர்கள். பக்கவாட்டில் மயிரிழைபோல வெடிப்புகள் தெரிகின்றன என்கிறார். இரண்டையும் மாற்றிவிடுங்கள் ஐயா. ஒரே நேரத்தில் முடியாதென்றால் முதலில் முன்டயர். இந்த மாதமே.